தோணிபுரத்துக்கு ஏற்ற கார்

எங்கள் ஊர் சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அதில் ஒன்று தோணிபுரம். பிரளயத்தில் உலகமே முழுகியபோது ஈசுவரன் அம்பிகையோடு தோணியில் வந்து தங்கிய இடம் என்பது தலபுராணம். கோயிலில் கீழே பிரம்மபுரீசுவரர், நடுத்தளத்தில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். கார் வாங்குவதற்கும் தோணிக்கும் என்னடி சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

2022 நவம்பர் 11-ம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் எங்கள் ஊரில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. வாசலில் நின்ற எங்கள் பழைய காருக்குள் சீட்டு வரை தண்ணீர். கொஞ்சம் வடிந்ததும் "ஓடுதான்னு பார்ப்போமே" என்று இவர் சாவியைத் திருகினார். அதுதான் செய்த தப்பு. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாதாம். உள்ளே இருக்கும் கம்பிதான் வளையும். வளைந்தது. இன்ஷூரன்ஸில் கேட்டால், என்ஜினுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும், நீங்கள் சேர்க்கவில்லையே என்று கையை விரித்துவிட்டார்கள். காரை வந்த விலைக்குத் தள்ளினோம்.

அப்புறம் பஸ்ஸும் ஆட்டோவும்தான். ஆனால் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பேரன் பிறந்தான். அவள் பிள்ளை வரம் கேட்டுத் திருவெண்காட்டு முக்குளத்தில் முழுகியவள். குழந்தையோடு வந்து கும்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். அத்தைக்கோ முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. "கார் வாங்கிடலாங்க" என்றேன்.

வந்தது வினை! ஆளுக்கொரு யோசனை. டிக்கி பெரிதாக உள்ள நீளக் கார் என்றார் இவர். உயரமான பெரிய வண்டிதான் வேண்டும் என்றான் மகன். கொழுந்தனார், "வைத்தீஸ்வரன்கோயில்லே நாடி பார்த்துடுவோம் அண்ணி, ஓலையிலே வண்டிப் பேரே வந்துடும்" என்று கேலி பண்ணினார்.

கடைக்காரர் நல்ல ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவார். நாம் போகிற ரோடு அதுவா? உறவுக்காரர் வீடுகளில் மூன்று தினுசு காரும் இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி, ஒவ்வொரு தடவையும் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, பூம்புகார் என்று ஒரே சுற்றுப் போனோம்.

முதல் வாரம் நீளக் கார். புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் குடம், மடக்கு நாற்காலி எல்லாம் டிக்கியில் அடங்கின. வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கும்போதுதான் தெரிந்தது, சீட்டு ரொம்பத் தாழ்வு. கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி அத்தையை இரண்டு பேர் இழுத்தோம். திருவெண்காட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் அடிவயிறு 'கிறீச்'சென்று தேய்ந்தது. இவர் அதற்கப்புறம் டிக்கியைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த வாரம் மகன் கேட்ட பெரிய வண்டி. மாட்டு வண்டி மாதிரி காலைத் தூக்கி ஏறணும். கோயில் வீதியில் எதிரே ஒரு டிராக்டர் வந்ததும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

மூன்றாவது வாரம் சின்னதாய், உயரமாய் ஒரு டாடா பஞ்ச். அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை உள்ளே திருப்பிக்கொண்டார். "நம்ம கட்டில் உயரம்தாம்மா இருக்கு" என்றார். குழந்தை சீட்டைப் பின்னால் கொக்கியில் மாட்டினால் ஆடாமல் நிற்கிறது. ஐசோஃபிக்ஸ் என்று பெயர். (குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். ஏர்பேக் விரிகிற வேகத்தைக் குழந்தை தாங்காது.) திருவெண்காட்டில் பேரனுக்கு முக்குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்து, புதனுக்குப் பச்சைப்பயறு சுண்டல் நிவேதனம் செய்து நேர்த்தியை முடித்தோம். பூம்புகாரில் 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்தபடி புளியோதரையைப் பிரித்தோம். பேரன் தூங்கிப் போயிருந்தான்.

வேகன் ஆரும் அத்தை ஏற வசதிதான், விலையும் குறைவு, அதையும் யோசித்தோம். அதற்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர், பஞ்சுக்கு 187. வித்தியாசம் ஒரு விரற்கடைதான் என்றார் கொழுந்தனார். முதல் வாரம் தேய்ந்ததும் அந்த விரற்கடையில்தானே! 2021-ல் குளோபல் என்சாப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் பஞ்ச் வாங்கியிருந்தது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்சாப் என்று இந்தச் சோதனை நடக்கிறது. நீங்கள் எந்தக் கார் பார்த்தாலும் இதைக் கேளுங்கள். நாங்கள் நல்லவேளை காத்திருந்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மிச்சமான பணத்தில் முதல் வேலையாக இன்ஷூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பைச் சேர்க்கச் சொன்னேன். விற்பவர், "இந்த ஊர் அம்மாக்களெல்லாம் இதைத்தான் கேட்கிறாங்க" என்று சிரித்தார்.

187 மில்லிமீட்டர் இருந்தாலும் 44 சென்டிமீட்டர் மழையில் கார் தோணி ஆகிவிடாது. ஐப்பசி பிறந்து வானொலியில் கனமழை என்றாலே மேட்டுத் தெரு அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிடுகிறோம். சாவி என்னுடைய அஞ்சறைப் பெட்டியில். தண்ணீர் வடிந்து மெக்கானிக் வந்து பார்க்கும் வரை, இவர் எத்தனை தடவை கேட்டாலும் தருவதில்லை.