கம்பியின் இழுவை

ஹோபி 16 என்ற பந்தயக் கட்டமரனில் பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கக் கம்பி கிடையாது. பக்கத்துக்கு ஒன்று, முன்னால் ஒன்று, அவ்வளவுதான். முன்பாயை ஏற்றி அதன் கயிற்றை இழுத்து இறுக்கியதும் முன்கம்பி தொய்ந்துவிடும். பாயின் விளிம்புக்குள் ஓடும் கம்பிதான் அதன்பின் மரத்தைத் தாங்குகிறது.

இலங்கையின் தென்கரையில் ஒரு விடுதியின் படகுத் துறையில் வேலைக்கு வரும் மலைநாட்டுக் கொஸ்லந்தைப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. நானும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தாத்தா காலத்தில் கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டி, மலைச்சரிவில் கட்டிய கம்பியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, இறக்குவார்கள். அந்தக் கம்பியில் தொய்வு விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பார் தாத்தா. கணக்கும் அதையே சொல்கிறது. 100 மீட்டர் கம்பியின் நடுவில் 25 கிலோ மூட்டை தொங்கி, கம்பி 5 மீட்டர் தாழ்ந்தால், கம்பியின் சொந்த எடையை விட்டுவிட்டால், இழுவை 125 கிலோ. 1 மீட்டர்தான் தாழ்கிறது என்றால் 625 கிலோ! விறைப்பாகக் கட்டிய கம்பி, அதே மூட்டைக்கு ஐந்து மடங்கு பாடுபடுகிறது.

எங்களுக்கு மேலே, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன தோட்டத்தை வைத்திருந்த தேயிலை வணிகர் தாமஸ் லிப்டனுக்கு மலைக்கம்பியும் தெரியும், கடல்கம்பியும் தெரியும். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியவர், 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு ஷாம்ராக் படகுகளை அனுப்பினார். ஐந்திலும் தோல்விதான். 1901 மே மாதம், மன்னர் ஏழாம் எட்வர்ட் படகில் இருக்கும்போதே ஷாம்ராக் 2இன் பாய்மரம் கம்பிகளோடு சரிந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

லிப்டனை முதல் நான்கு முறையும் தோற்கடித்த படகுகளை வரைந்தவர் நதானியேல் ஹெரஷாஃப். அந்த மனிதர் 1876இலேயே அமரிலிஸ் என்ற இரட்டைத் தோணிக் கட்டமரனை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லாரையும் முந்தினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அதைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

மறுபடி எங்கள் துறைக்கு வருவோம். படகில் கம்பியை எவ்வளவு இறுக்குவது? கரையில் நின்று கம்பியைச் சுண்டிப் பார்த்தால் தெரியாது. காற்றை நெருங்கி ஓடும்போது, காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி லேசாகத் தளர்ந்தால் சரி. தொளதொளவென்று ஆடினால் முன்பாயின் விளிம்பு மறைவுப் பக்கம் வளைந்து, படகு காற்றுக்கு ஏறாது. அடுத்தது, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய படகுகளில், கப்பி. முன்பாயில் ஒட்டிய கம்பளி நூல்களைப் பார்த்தபடி மெல்லக் காற்றுக்குத் திருப்புங்கள். காற்றடிக்கும் பக்கத்து மேல்நூல் முதலில் படபடத்தால், கயிறு ஓடும் கப்பியை முன்னால் நகர்த்த வேண்டும். கீழ்நூல் முந்தினால் பின்னால். இரண்டும் ஒன்றாகப் படபடக்கும் வரை இதையே செய்யச் சொல்வேன்.