நான்கு பறவைகளும் ஓர் உண்டியலும்

வனவிலங்கு வாரத்தின்போது எங்கள் விலங்கியல் வகுப்பு மாணவர்கள் சிலர் அருகிவரும் பறவைகளுக்காக நிதி திரட்டினோம். சின்னசேலம் கடைவீதி என் பங்காயிற்று. நிலமும் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், "மயிலு வந்து மக்காச்சோளத்தையெல்லாம் கொத்திட்டுப் போவுது. நீ பறவைக்குக் காசு கேக்குறியே தம்பி!" என்றார். நியாயமான கேள்வி. கடலே காணாத ஊரில் நின்று அவருக்கொரு தீவின் கதையைச் சொன்னேன்.

மொரீஷியஸ் நமக்கு அயலன்று. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. நம்மவர் அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அக்கரும்புக்காகவும் காடுகள் அழிந்தன. கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி.யும், வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. டோடோவை முன்னரே இழந்த அத்தீவில், 1974இல் காட்டிலிருந்த மொரீஷியஸ் வல்லூறுகள் நான்கே நான்கு! உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது.

நான்கு பறவைகளுக்குப் பணம் தருவது வீண் என்று எண்ணியவர் பலர். 1979இல் கார்ல் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர் அனுப்பப்பட்டதே திட்டத்தை மூடிவிட்டு வரத்தான். அவர் மூடவில்லை. ஜெரால்ட் டர்ரல் நிறுவிய ஜெர்சி அறக்கட்டளை முதலானோர் கைகொடுத்தனர். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் இடும். நம் வீட்டுக் கோழியிடம் காண்பதுதானே! எடுத்த முட்டைகளை இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார். காட்டில் கூடுகட்டப் பெட்டிகள் பொருத்தினார். பறவைகளுக்கு வெள்ளெலிகளை இரையாகத் தந்தார்.

"அப்ப காசெல்லாம் எலிக்கா?" என்று கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர், "இந்தா, எலிக்கு வச்சுக்க" என்று இருபது ரூபாய் போட்டார். என்னைக் கேட்டால், அன்று நிதியின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே. பறவைக்கென்று கேட்கும் பணம் எலிக்கும் பலகைக்கும் ஆள் கூலிக்கும்தான் போகிறது.

பத்தாண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வல்லூறுகள் காட்டில் விடப்பட்டன. பிறகு, இனம் பிழைத்துவிட்டது என்று தீவிரப் பணி நிறுத்தப்பட்டது. பறவைகள் மீண்டும் குறைந்தன. 2014இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் திரும்பவும் சேர்க்கப்பட்டன. 2022இல் அதுவே அந்நாட்டின் தேசியப் பறவையாயிற்று. பட்டம் கிடைத்தாலும் மரப்பெட்டி மழையில் மக்கத்தான் செய்யும். அதை மாற்ற ஒருவர் மலையேற வேண்டும்.