பிளேனரில் 10 மில்லிமீட்டர்

மூவாரில் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த ரப்பர் மரங்கள்தாம் பலகையாகி எங்களிடம் வருகின்றன. அம்மா வெட்டிய மரமாகக்கூட இருக்கலாம் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பலகையின் முகத்தைச் சமமாக்குவது, கையால் தள்ளி இழைக்கும் பிளேனர். மேசையின் நடுவே ஓர் உருளை. அதில் மூன்று கத்திகள். எங்களுடையது நிமிடத்துக்கு 5,000 சுற்று, அதாவது வினாடிக்கு 250 வெட்டு. ஓடும்போது கத்தி கண்ணுக்குத் தெரியாது. வழுவழுப்பான உருளை போலத்தான் இருக்கும்.

உருளைக்குக் குறுக்கே பாலம் போல நிற்கும் சட்டம்தான் காப்பு. பட்டறையில் 'கார்டு' என்போம். அது இயந்திரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகும் மேலாளர்களை எனக்குப் பிடிக்காது. பலகையின் அளவு மாறும்போதெல்லாம் அதைச் சரிசெய்ய வேண்டும். பலகையைப் படுக்கவைத்து இழைத்தால், அதற்கும் காப்புக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பலகை காப்பின் அடியில் போகும். கை மேலே தாண்டும். ஓரத்தை இழைத்தால், காப்பைத் தாழ்த்தி நுனியைப் பலகைக்கு அருகே நகர்த்த வேண்டும். பக்கத் தடுப்புக்குப் பின்னே திறந்து கிடக்கும் உருளையையும் மூட வேண்டும். அதைப் பலர் மறப்பார்கள். குட்டைக் கட்டைக்குப் பிடி வைத்த தள்ளுகட்டைதான்.

எங்கள் மூத்த தொழிலாளி ஒருவருக்கு இடக்கையில் இரண்டு விரல்கள் பாதிதான். முன்பு வேலை செய்த இடத்தில் நடந்தது. அங்கும் காப்பு இருந்தது. பெரிய கட்டைக்காக உயர்த்தியதைச் சின்னக் கட்டைக்கு இறக்கவில்லை. கத்தி கணுவில் பட்டு, கட்டை பின்னால் தெறித்தது. அதை அழுத்திக்கொண்டிருந்த கை உருளைமேல் விழுந்தது. "மொதல்ல சத்தம்தான் மாறுச்சு தம்பி, வலி அப்புறம்தான்" என்பார்.

அண்ணன் கவனக்குறைவானவர் அல்லர். அங்கே கூலி, முடித்த கட்டைகளின் எண்ணிக்கைக்கு. காப்பை மாற்ற அரை நிமிடம் என்றால், நாளில் அறுபது தடவைக்கு அரை மணி நேரம். அது யார் கணக்கில்? பாதுகாப்பான இயந்திரம் முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். சம்பளச் சீட்டு வேறு மாதிரிச் சொல்கிறது.

இப்போது ஒரே அளவுக் கட்டைகளைச் சேர்த்துவைத்து இழைக்கிறோம். மாற்ற வேண்டிய தடவைகள் குறைந்துவிட்டன. யோசனை அண்ணனுடையது. போன மாதம் நேப்பாளத்திலிருந்து வந்த பையனுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இயந்திரத்தை நிறுத்தி, காப்பை இறக்கி, அதன்மேல் தம் கையை வைத்துக் காட்டினார். பையன் அந்த விரல்களைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தானே காப்பை ஏற்றி இறக்கிப் பழகத் தொடங்கினான்.