பூட்டிய பள்ளியைத் திறந்த பெண்கள்

அமெரிக்கா போய் வந்தேன் என்றதும், "நயாகரா பார்த்தாயா? சுதந்திர தேவி சிலை பார்த்தாயா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "ஒரு பள்ளிக்கூடம் பார்த்தேன்" என்றால் சிரிக்கிறார்கள். இவ்வளவு பணம் செலவழித்துப் போய்ப் பள்ளிக்கூடமா என்று! ஆனால் நான் பார்த்தவற்றில் இன்றும் மனத்தைவிட்டு அகலாதது அந்தப் பள்ளிக்கூடம்தான்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் நானும் என் கணவரும் டல்லாஸ் நகரில் இருக்கும் என் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது. அடுத்து ஹைஸ்கூலில் சேரப் போகிறாள். அவள்தான் ஆரம்பித்தாள். "பெரியம்மா, லிட்டில் ராக் போகலாமா? எங்க ஹிஸ்டரி புக்ல ஒரு ஸ்கூல் வருது. அதை நேர்ல பார்க்கணும்."

லிட்டில் ராக் என்பது ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் தலைநகர். டல்லாஸிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். ஓரகத்தி புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டாள். விடியற்காலையில் கிளம்பினோம். மாநில எல்லையைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் பைன் மரங்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

சாதாரணக் குடியிருப்புத் தெரு ஒன்றில் திரும்பினோம். திண்ணை வைத்த சின்னச் சின்ன வீடுகள். அவற்றுக்கு எதிரே, அடேயப்பா! அரண்மனையா, பள்ளிக்கூடமா? இளம் பழுப்புச் செங்கல்லில் கட்டிய அந்தக் கட்டடம் இரண்டு தெரு நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. முன்னால் ஒரு குளம், இரு புறமும் வளைந்து ஏறும் படிக்கட்டுகள். நுழைவாயிலுக்கு மேலே நான்கு சிலைகள் நிற்கின்றன. இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்று அவற்றுக்குப் பெயர். 1927-ல் 15 லட்சம் டாலர் செலவில் கட்டினார்களாம். அமெரிக்காவிலேயே மிக அழகான உயர்நிலைப் பள்ளி என்று அப்போது கட்டடக் கலைஞர்கள் புகழ்ந்தார்களாம். இப்போது இதன் பெயர் சென்ட்ரல் ஹைஸ்கூல். பணக்காரர்கள் பள்ளி அல்ல. சம்பளம் வாங்காத அரசுப் பள்ளி.

ஆனால் 'வாய்ப்பு' என்று தலைக்கு மேலே சிலை வைத்த அந்த வாசல், முப்பது வருஷம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929-ல் டன்பார் என்று தனிப் பள்ளி கட்டினார்கள். அதற்கு ஆன செலவு 4 லட்சம் டாலர். இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியது. அதன்படி 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் இங்கே சேர வேண்டும். ஆறு பெண்கள், மூன்று பையன்கள். மாநில கவர்னர் ஃபாபஸ் துப்பாக்கி ஏந்திய காவல் படையை நிறுத்தி வாசலை மறித்துவிட்டார்.

அந்த ஒன்பது பேருக்கும் துணையாக நின்றவர் டெய்சி பேட்ஸ் என்ற பெண்மணி. கணவருடன் சேர்ந்து பத்திரிகை நடத்தியவர். செப்டம்பர் 4-ம் தேதி எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று முதல் நாள் இரவு வீடு வீடாகப் போன் செய்து சொன்னார். ஒரு வீட்டில் மட்டும் போன் இல்லை. அது எலிசபெத் எக்ஃபோர்டின் வீடு.

பதினைந்து வயதுப் பெண். புதுப் பள்ளிக்கு முதல் நாள் போட்டுக்கொள்ளத் தன் கையாலேயே ஓர் உடை தைத்து வைத்திருந்தாள். வெள்ளைத் துணி, கீழே கட்டம் போட்ட அகலக் கரை. அதைப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி தனியாக வந்தாள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்ட சிப்பாய்கள் அவளை மட்டும் தடுத்தார்கள். பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே தொடர்ந்தது. தெருக்கோடி பஸ் ஸ்டாப் வரை நடந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நிருபர் பக்கத்தில் உட்கார்ந்து, அழுவதை அவர்கள் பார்க்கும்படி விடாதே என்று மெதுவாகச் சொன்னார். கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கூட்டத்தை அதட்டி அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அந்தப் பெண் எங்கே போனாள் தெரியுமா? வீட்டுக்கு அல்ல, நேரே அம்மா வேலை பார்த்த இடத்துக்கு.

இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெண் பிள்ளைக்குப் புது உடை தைத்து, முதல் நாள் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கும் அம்மாக்கள் நாம் எல்லோரும்தானே!

அந்த பஸ் ஸ்டாப் மூலையில் இன்று ஒரு பெஞ்சு இருக்கிறது. பழைய பெஞ்சைப் போலவே மாணவர்கள் செய்து 2018-ல் வைத்தது. என் ஓரகத்தி மகள் அதில் போய் உட்கார்ந்தாள். எப்போதும் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறவள், அன்று எடுக்கவில்லை.

எலிசபெத்துக்குப் பின்னால் நின்று வாய் பிளந்து கத்திய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் அன்று உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. அவளுக்கும் பதினைந்து வயதுதான். சில ஆண்டுகள் கழித்துப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாளாம். 1997-ல் அதே புகைப்படக்காரர் அதே பள்ளி வாசலில் இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார். கொஞ்ச காலம் நட்பாகவும் இருந்தார்கள். பிறகு அது நிலைக்கவில்லை. சில காயங்கள் ஒரு மன்னிப்பால் ஆறிவிடுவதில்லை போலும்.

செப்டம்பர் 24-ம் தேதி ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். மறுநாள் சுமார் 1,200 சிப்பாய்களின் காவலில் ஒன்பது பேரும் முன் வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். ஆனால் வகுப்புக்குள்ளும் குளியல் அறைக்குள்ளும் சிப்பாய் வர முடியாதே! தள்ளிவிடுவது, எச்சில் துப்புவது, அடிப்பது என்று அந்த வருஷம் முழுவதும் பட்டார்கள். 1958 மே மாதம் பட்டம் பெற்ற 602 பேரில் எர்னஸ்ட் கிரீன் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அந்த விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார்.

பாடப் புத்தகத்துக் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் பட்டது.

1958 செப்டம்பரில் கவர்னர் ஊரில் இருந்த நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடிவிட்டார். கறுப்புப் பிள்ளைகளோடு உட்காருவதைவிட யாருமே படிக்காமல் இருப்பது மேல் என்று! ஊராரிடம் வாக்கெடுப்பு வைத்ததில், மூடிய பக்கமே பெரும்பான்மை. சுமார் 3,600 பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். பலருக்குப் படிப்பே நின்றது. அதிலும் கறுப்பினப் பிள்ளைகள் பாடு அதிகம். ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்களாம். வேடிக்கை என்னவென்றால், கால்பந்துப் போட்டி மட்டும் நிற்கவில்லை!

அப்போதுதான் அடால்ஃபின் டெரி என்ற 75 வயதுப் பாட்டியம்மா எழுந்தார். ஆண்கள் முன்வரப் போவதில்லை, நாம்தான் செய்தாக வேண்டும் என்று தன் வீட்டில் பெண்களைக் கூட்டினார். 'நம் பள்ளிகளைத் திறக்கப் பெண்களின் அவசரக் குழு' என்று அதற்குப் பெயர். எல்லோரும் நம்மைப் போல் குடும்பம் நடத்துகிறவர்கள். சமையலை முடித்துவிட்டுப் போனும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், வாக்குப் போட ஆட்களைக் காரில் கூட்டிப்போய் விட்டார்கள். உறுப்பினர் பெயர்கள் ரகசியம். வெளியே தெரிந்தால் கணவரின் வேலையும் வியாபாரமும் போகும். ஒன்றையும் மறைக்கக் கூடாது: அந்தக் குழுவில் வெள்ளைக்காரப் பெண்களை மட்டுமே சேர்த்தார்கள். அவர்களுடைய துணிச்சலுக்கும் அன்று ஓர் எல்லை இருந்தது.

1959 மே மாதம் பள்ளி நிர்வாகக் குழுவில் பிரிவினையை ஆதரித்த மூவர், 44 ஆசிரியர்களையும் ஊழியர்களையும் ஒரே நாளில் வேலையைவிட்டு நீக்கினார்கள். ஊர் கொதித்தது. இந்தப் பெண்கள் இரவு பகலாக உழைத்தார்கள். மே 25-ம் தேதி நடந்த தேர்தலில் அந்த மூவருக்கும் பதவி போயிற்று. பள்ளியை மூடிய சட்டம் செல்லாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 12-ம் தேதி பள்ளிகள் திறந்தன. ஒன்பது பேரில் மிகச் சிறியவளான கார்லாட்டா வால்ஸ் திரும்பி வந்தாள். 1960 பிப்ரவரியில் அவள் வீட்டில் குண்டு வைத்தார்கள். அப்படியும் அந்த ஆண்டே படிப்பை முடித்தாள்!

ரகசியமாக இருந்த அந்தப் பெண்களின் பெயர்களை 1998-ல்தான் டெரி அம்மாளின் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் பொறித்தார்கள். நாற்பது வருஷம் பெயர் தெரியாமலே இருந்துவிட்டார்கள்! டெய்சி பேட்ஸுக்கு 2024-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளி வழியாகப் போகும் தெருவுக்கும் அவர் பெயர்தான்.

மாலையில் மணி அடித்தது. பை தொங்கப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கறுப்பு, வெள்ளை, மாநிறம் என்று எல்லா நிறமும் கலந்து, சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. 'வாய்ப்பு' என்ற சிலையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான் என்று தோன்றியது.

திரும்பும்போது காரில் அந்தப் பெண் கேட்டாள்: "பெரியம்மா, நம்ம ஊர் ஸ்கூல்ல இப்படியெல்லாம் நடந்ததா?"

"அதெல்லாம் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். என் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா படித்த கிராமத்துப் பள்ளியில் சில பிள்ளைகள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாதாம். வேறு யாராவது மொண்டு உயரத் தூக்கிக் கையில் ஊற்ற வேண்டுமாம். அம்மாவும் ஊற்றியிருக்கிறாள். சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அம்மம்மாகிட்ட இன்னும் கேளுங்க பெரியம்மா, எழுதி வைங்க" என்றாள். சென்ட்ரல் பள்ளி மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்படித்தான் எழுதிச் சேர்க்கிறார்களாம்.

ஊருக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: 1998 முதல் இது தேசிய வரலாற்றுத் தலம். பள்ளிக்கு அருகில் தெரு முனையில் பார்வையாளர் மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. எதிரே 1957-ல் இருந்தபடியே ஒரு பழைய பெட்ரோல் பங்க்கைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பள்ளி இன்றும் நடப்பதால் நம் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. வளர்ந்த பெண் குழந்தை இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். நாம் காட்டுவதைவிட அவர்கள் நமக்குக் காட்டுவது அதிகமாக இருக்கும்.