அக்காவுக்குத் தங்கம், தங்கைக்கு ஆயிரம்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. ரெண்டு பெண்கள். டிகிரி முடித்த அக்காவுக்கு 2018-ல் கல்யாணம். அரசின் திருமண உதவியாக 50,000 ரூபாயும், தாலிக்கு 8 கிராம் தங்கமும் கிடைத்தன.

2022-ல் அந்தத் திட்டமே மாறிவிட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது. 'புதுமைப்பெண்' திட்டம். (பையன்களுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.) தங்கைக்குக் கிடைத்தது இந்த ஆயிரம்தான்.

அம்மாவுக்கு மனக்குறை. "ஆயிரத்த வச்சு என்னடி பண்றது? தங்கம்னா தங்கம்!" நியாயம்தான். கல்யாணச் செலவு எங்கே குறைந்தது?

ஆனால் ஒன்று... அக்காவின் பணத்துக்குக் கல்யாணம் நிச்சயமாக வேண்டியிருந்தது. தங்கையின் பணத்துக்குக் காலேஜ் போனால் போதும். அவள் பெயரில் இருக்கும் கணக்கிலேயே வந்தது. பரீட்சை ஃபீஸ், ஜெராக்ஸ் என்று அப்பாவிடம் கைநீட்டவில்லை. வீட்டில் "படிச்சது போதும்" என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அந்த ஆயிரம் அவளுக்காகப் பேசியது.

இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அதைப் பற்றி 1936-ல் நாவலும் எழுதியவர். 1989-ல் கல்யாண உதவிக்கு வைத்த அந்தப் பெயர், படிப்புக்கு வந்து சேர 33 வருஷம் ஆகியிருக்கிறது!