எட்டி நின்று செய்யும் பணி

மருத்துவமனையில் பணி என்றதும், "ஊசி போடுபவரா, எக்ஸ்ரே எடுப்பவரா?" என்று உறவினர் வினவுவர். இரண்டும் கலந்தது எம் பணி. அணு மருத்துவத் தொழில்நுட்பர் என்று அதன் பெயரைச் சொன்னாலோ சிலர் சற்றே விலகி அமர்வர். அணு என்றால் ஹிரோஷிமாவை நினைப்பது இயல்புதானே! எக்ஸ்ரேயில் கதிர் கருவியிலிருந்து புறப்பட்டு உடலை ஊடுருவும். எம் துறையிலோ கதிரியக்க மருந்தை இரத்தக் குழாயில் செலுத்துகிறோம். உடலிலிருந்து வெளிப்படும் கதிரைக் காமா கேமரா வாங்கிப் படமாக்குகிறது. ஊசி ஏறிய கணம் முதல் நோயாளியே கதிர்மூலம்.

எம் பொழுது நோயாளிகள் வருமுன்பே தொடங்கிவிடும். ஈயக் கூட்டுக்குள் மாலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டர் காத்திருக்கும். அது சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் பிறக்கும். உப்புநீரைச் செலுத்தி அதனை வடித்தெடுப்போம். இச்செயலுக்கு எம் துறையினர் வழங்கும் பெயர் 'பால் கறத்தல்'. மாலிப்டினத்தின் அரை ஆயுட்காலம் 66 மணி; ஆதலின் ஒரு வாரத்தில் இப்பசுவின் பால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். டெக்னீசியம் மனிதன் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம். 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் செக்ரே, பெரியர் ஆகிய இருவர் அதனைக் கண்டறிந்தனர்.

டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுட்காலம் 6 மணியே. காலை 8 மணிக்கு அளந்தது பிற்பகல் 2 மணிக்குப் பாதியாகும். மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். இயற்பியல் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மாணவர் மனனம் செய்யும் அச்சமன்பாட்டை யாம் நாள்தோறும் கடிகாரத்தைப் பார்த்தபடி போட்டுக்கொண்டிருக்கிறோம். பேருந்தைத் தவறவிட்ட நோயாளிக்காக மருந்து காத்திராது.

கதிரிடமிருந்து காப்பவை மூன்று: குறைந்த நேரம், மிகுந்த தொலைவு, தக்க கவசம். தொலைவை இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகும். ஒரு நோயாளியின் அருகே சிறிது நேரம் நிற்பதால் பெருந்தீங்கு இல்லை. ஆயின் எமக்கு ஒருவர் அல்லர். நாள்தோறும் பலர், ஆண்டுகளும் பல. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எமக்கு வரம்பு வகுத்துள்ளது. மார்பில் அணியும் டி.எல்.டி. வில்லை எம் கணக்கை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும்.

எனவே கனிவு முழுவதையும் ஊசிக்கு முன்பே காட்டிவிட வேண்டும் என்பது எம் துறையில் எழுதாத விதி. எதற்கு இச்சோதனை, எத்துணை நேரம், எவ்வளவு நீர் பருக வேண்டும், வீட்டில் கைக்குழந்தை உண்டா என அனைத்தையும் அருகமர்ந்து பேசி முடித்த பின்னரே மருந்தை எடுப்போம். நோயாளிக்கு இது விளங்குமா? எலும்புச் சோதனைக்கு வந்த மூதாட்டி ஒருவர் ஊசிக்குப்பின், "இவ்வளவு நேரம் பிள்ளை மாதிரி பேசிக்கிட்டிருந்தியேப்பா, இப்ப ஏன் வாசல்லயே நிக்கிற?" என்றார். படம் எடுக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அறை வாசலில் நின்றவாறே அவருடைய ஊரையும் பேரப்பிள்ளைகளையும் பற்றி உரத்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தோம். காது சற்று மந்தம். பாதி விடை வேறு கேள்விக்கு வந்தது. எனினும் பேச்சு நிற்கவில்லை.

தொலைவினும் கடினமானது ஒன்று உண்டு. படத்தை முதலில் காண்பவர் யாமே. முதுகெலும்பில் இருக்கத் தகாத இடங்களில் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாய்த் திரையில் எழும்போது, அவற்றின் பொருளைப் பல்லாண்டுப் பழக்கம் எமக்குச் சொல்லிவிடும். அதனை நோயாளியிடம் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உண்டு. அது சரியான முறையே. பிற சோதனைகளோடு ஒப்பிட்டே முடிவுரைக்க வேண்டும். ஆயினும் படுக்கையில் கிடப்பவர் படத்தை நோக்குவதில்லை. எம் முகத்தையே நோக்குவார். அம்மூதாட்டியும் நோக்கினார்.

"நல்லா விழுந்திருக்காப்பா?"

"படம் தெளிவா வந்திருக்கு அம்மா. டாக்டர் பார்த்துச் சொல்வாங்க" என்றோம். முதல் பகுதி உண்மை. அவர் இறங்கக் கை நீட்டினார், பிடித்து இறக்கிவிட்டோம்.