மூச்சு வாங்கும் மாதங்கள்

எட்டாம் மாதத்தில் சுஜூதிலிருந்து எழும்போதெல்லாம் எனக்கு மூச்சு வாங்கியது. இரத்தசோகை இல்லையெனப் பரிசோதித்து உறுதிசெய்த மருத்துவர், வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதாலும், புரோஜெஸ்ட்ரோன் சுவாசத்தைத் தூண்டுவதாலும் இது இயல்பே என்றார். இரவில் தலையணைகளை உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், சற்று இலேசாயிற்று.

தொழுகையை அமர்ந்து நிறைவேற்றத்தான் மனம் தயங்கியது. "நிற்க இயலாதவருக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்துதான், மகளே" என்றார் உம்மா. அன்றுமுதல் நாற்காலியில் அமர்ந்து நிம்மதியாகத் தொழுதேன்.

சகோதரிகளே! அசதியைப் பொறுப்பது ஸப்ரு. ஆபத்தைப் பொறுப்பது ஸப்ரு அன்று. திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடுகள் நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். உங்கள் உயிரும் வயிற்றிலுள்ள உயிரும் அவனுடைய அமானிதம்.